திரை எரிந்ததா, துருப்பிடித்ததா? இலத்திரன் கற்றையின் கீழ் ஒளிர்பொருள் மங்குவது பற்றி

ஒட்டுசுட்டானுக்கு அருகில் உள்ள பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டதன் சாரம் இது. அவர்களுடைய ஆய்வுகூடத்துக்கு அன்பளிப்பாகக் கிடைத்த பழைய கதோட்டுக்கதிர் அலைவுகாட்டியின் (மின் அலைவுகளை ஒளிக்கோடாக வரைந்து காட்டும் கருவி) திரையில், நடுவே கிடையாக ஓடும் ஒரு கீற்று மங்கிப்போயிருக்கிறது. ஒளிக்கோட்டை மேலேயோ கீழேயோ நகர்த்தினால் நன்றாகத் தெரிகிறது. நடுவுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் ஒளி குறைந்துவிடுகிறது. ஒரு வருடம் பாவிக்காமல் மூடி வைத்திருந்தும் அந்தக் கீற்று மாறவில்லை. மாணவர்கள் "கதிர் பட்டு எரிந்துவிட்டது" என்கிறார்கள். அது சரிதானா, சரியென்றால் ஏன் எரிகிறது, மீட்க வழி உண்டா என்பவையே அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மீட்க வழி இல்லை. மங்கியது திரையின் உட்பக்கத்தில் பூசப்பட்டிருக்கும் தூள்; குழாயை உடைக்காமல் அதைத் தொட முடியாது, உடைத்தால் குழாய் இல்லை. ஒரு வருட ஓய்வு பயன் தராததற்கும் காரணம் உண்டு. இந்தத் தூள் களைப்படையவில்லை. அதன் மேற்பரப்பில் ஒரு இரசாயன மாற்றம் நடந்து முடிந்திருக்கிறது. "எரிந்தது" என்று பழுதுபார்ப்போர் நாங்களும் ஐம்பது வருடமாகச் சொல்லி வருகிறோம். ஆனாலும் பெரும்பாலான குழாய்களில் நடப்பது தீயைவிடத் துருவுக்கே நெருங்கியது என்பதைத்தான் கீழே விளக்க முயல்கிறேன்.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துக்கொள்வோம். கடைகளில் இத்தூளைப் "பொஸ்பர்" என்பார்கள். இதைக் கேட்கும் மாணவர் இதில் பொசுபரசு இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. உங்கள் அலைவுகாட்டியின் பச்சைத் திரையில் பெரும்பாலும் இருப்பது நாகசல்பைட்டுப் பளிங்குகள். அவற்றினுள் மிகச் சிறிதளவு செப்பு சேர்க்கப்பட்டிருக்கும். செப்புக்குப் பதிலாக வெள்ளியைச் சேர்த்தால் நீல ஒளி வரும். வர்ணத் தொலைக்காட்சியின் சிவப்புக்கு இத்திரியத்தின் ஒட்சிசல்பைட்டில் யூரோப்பியம் சேர்த்திருப்பார்கள். இவை ஒன்றிலும் பொசுபரசு கிடையாது. ஆகவே இங்கு "ஒளிர்பொருள்" என்ற சொல்லையே பாவிக்கிறேன்.

வேகமான ஓர் இலத்திரன் இந்தப் பளிங்கினுள் நுழையும்போது ஒரே இடத்தில் மோதி நின்றுவிடுவதில்லை. போகும் வழியெல்லாம் பளிங்கின் இலத்திரன்களைத் தட்டி எழுப்பிக்கொண்டு, தன் சக்தியைச் சில்லறையாகச் செலவழித்தபடி செல்கிறது. எழுப்பப்பட்ட ஒவ்வோர் இலத்திரனும் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச்செல்கிறது; அந்தச் சோடி அலைந்து திரிந்து ஒரு செப்பு அணுவின் அருகே மீண்டும் சேரும்போது பச்சை ஒளி பிறக்கிறது. பத்தாயிரம் வோல்ற்றால் முடுக்கப்பட்ட ஒரே இலத்திரன் ஆயிரம் வரையான சோடிகளை உண்டாக்கக்கூடும். நல்ல நாகசல்பைட்டு, தனக்குள் வந்த சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஒளியாகத் திருப்பித் தருகிறது, எஞ்சியது வெப்பம். சோடிகள் செப்பை அடையாமல் ஏதேனும் குறைபாட்டில், குறிப்பாகப் பளிங்கின் மேற்பரப்பில், போய்ச் சேர்ந்தால் ஒளி இல்லை, வெப்பம் மட்டுமே. திரை மங்கும் கதை முழுவதும் இந்த வாக்கியத்துக்குள் அடங்கும்.

இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இலத்திரன்கள் சன்னங்களைப் போலப் பளிங்கின் அணுக்களைப் பெயர்த்தெறிந்து அதைச் சிதைக்கின்றனவா? பெரும்பாலானோர் ஆம் என்பார்கள். உந்தக் காப்பு விதியைப் பிரயோகித்தால் விடை வேறாகிறது. கந்தக அணு இலத்திரனைவிட ஏறத்தாழ அறுபதாயிரம் மடங்கு திணிவுள்ளது. நாக அணு அதைவிட இரட்டிப்பு. யானை மேல் எறிந்த நெல்மணி எவ்வளவு சக்தியை யானைக்குக் கொடுக்குமோ அவ்வளவுதான் நேரடி மோதலில் அணுவுக்குப் போய்ச்சேரும். இப்படி ஓர் அணுவை அதன் சாலக இடத்திலிருந்து தள்ளிவிட ஓர் இலட்சம் வோல்ற்றுக்கும் மேல் முடுக்கப்பட்ட இலத்திரன் தேவை. உங்கள் அலைவுகாட்டியில் இருப்பது இரண்டாயிரம் வோல்ற்று, பெரிய வர்ணத் தொலைக்காட்சியிலும் இருபத்தைந்தாயிரம் வோல்ற்றளவே. எனவே சன்னம் என்ற உவமை இங்கு செல்லாது.

இலத்திரனால் செய்யக்கூடியது வேறொன்று. அது பிணைப்புகளை அவிழ்க்கும். அணுவைத் தள்ளப் பெருஞ்சக்தி வேண்டும். ஒரு மூலக்கூறின் பிணைப்பில் இருக்கும் இலத்திரனை எழுப்பி அப்பிணைப்பைத் தளர்த்தச் சில இலத்திரன்வோல்ற்றுகளே போதும். கதோட்டுக்கதிர்க் குழாயினுள் முழு வெற்றிடம் என்று நாம் பாடத்தில் சொன்னாலும் அங்கே எப்போதும் கொஞ்சம் வாயு எஞ்சியிருக்கிறது: நீராவி, ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, ஐதரசன். குழாயின் கழுத்துக் கண்ணாடியில் உட்புறமாக வெள்ளிபோல் பளபளக்கும் ஒரு படலத்தைப் பார்த்திருப்பீர்கள். அது குழாயை மூடியபின் ஆவியாக்கிப் படியவைத்த பேரியம். எஞ்சிய வாயுவைப் பிடித்து விழுங்குவதே அதன் வேலை. (காற்றுக் கசிந்த குழாயில் அந்தப் படலம் பால்போல வெளுத்துவிடும். நாங்கள் குழாயைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.) பேரியம் எவ்வளவு விழுங்கினாலும் ஒரு மிச்சம் இருந்துகொண்டேயிருக்கும்.

அந்த மிச்சம் எவ்வளவு போதுமானது என்பதை ஒரு கணக்குக் காட்டும். வளிமண்டல அமுக்கம் 760 ரொர். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ரொர் அமுக்கத்தில்கூட, ஒரு பரப்பின் மீது ஒரு செக்கனில் வந்து மோதும் வாயு மூலக்கூறுகள் அப்பரப்பை ஒரு அணுத் தடிப்புக்கு மூடப் போதுமானவை. நல்ல குழாயில் அமுக்கம் அதன் நூறில் ஒரு பங்கு என்று வைத்தாலும், நூறு செக்கனுக்கு ஒரு முறை ஒரு படை அளவு மூலக்கூறுகள் வந்து தொட்டுச் செல்கின்றன. கற்றை இல்லாதபோது அவற்றில் பெரும்பாலானவை ஒட்டாமல் திரும்பிவிடும். கற்றை விழும் இடத்திலோ, மேற்பரப்பில் தங்கிய நீர் மூலக்கூறும் ஒட்சிசன் மூலக்கூறும் பிளக்கப்பட்டு, தனி ஒட்சிசன் அணுக்கள் உருவாகின்றன. தனி ஒட்சிசன் அணு அருகில் இருக்கும் கந்தகத்தை விட்டுவைக்காது. கந்தகம் கந்தகவீரொட்சைட்டு வாயுவாகிப் பறந்துவிடுகிறது. அது இருந்த இடத்தில் நாகவொட்சைட்டு, சில சூழ்நிலைகளில் நாகசல்பேற்று, ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது. ஒளிரும் பளிங்கு ஒளிராத போர்வை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது.

இந்த விளக்கத்தை 1990களில் பரிசோதனையால் நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹொலோவேயும், தென்னாபிரிக்காவின் புளூம்பொன்ரெயின் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்ட்ரிக் சுவார்ட்டும் அவர்களுடன் உழைத்தவர்களும் ஆவர். அவர்களுடைய முறை எளிமையும் அழகும் கொண்டது. ஒரே இலத்திரன் கற்றையைக்கொண்டு தூளை ஒளிரவும் செய்தார்கள். அதே கற்றை மேற்பரப்பிலிருந்து கிளப்பும் ஓஜே இலத்திரன்களை, அதாவது மூலகத்துக்கு மூலகம் வேறுபடும் சக்தியுடன் வெளிவரும் இலத்திரன்களை, அளந்து அங்கு எந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அதே வேளையில் கண்டார்கள். முதலில் மேற்பரப்பு அழுக்கான காபன் வாயுவாகிக் குறைகிறது. பிறகு கந்தகம் குறையக் குறைய ஒட்சிசன் கூடுகிறது. கந்தகக் குறைவோடு சேர்ந்தே ஒளியும் இறங்குகிறது. வெற்றிட அறைக்குள் ஒட்சிசனைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் மங்கல் விரைவாகிறது. வாயுவைக் குறைத்தால், அதே கற்றை அதே நேரம் விழுந்தும், மங்கல் மிகவும் தாமதிக்கிறது. இந்தக் கடைசி அவதானிப்பே தீர்ப்பு. கற்றை மட்டுமே குற்றவாளியாக இருந்திருந்தால் வாயுவைக் குறைப்பதால் இவ்வளவு மாற்றம் வந்திராது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும் என்று சாதாரண தரத்தில் ஆணியைச் சோதனைக்குழாயில் போட்டுக் காட்டுகிறோமே, அதே தருக்கம்தான். ஒரு வேறுபாடு: இங்கே பற்றவைப்பவர் இலத்திரன்.

அந்தத் தோல் மெல்லியதுதானே, அது எப்படிப் பாதி ஒளியை விழுங்கும் என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் முடுக்கும் வோல்ற்றளவு முக்கியமாகிறது. இரண்டாயிரம் வோல்ற்று இலத்திரன் நாகசல்பைட்டினுள் ஏறத்தாழ 60 நனோமீற்றர் ஆழம்வரைதான் போகும். இருபதாயிரம் வோல்ற்று இலத்திரன் ஏறத்தாழ 3 மைக்குரோமீற்றர், அதாவது ஐம்பது மடங்கு ஆழம் போகும். மேலே 10 நனோமீற்றர் தடிப்பில் ஒளிராத தோல் இருந்தால், தொலைக்காட்சியின் இலத்திரனுக்கு அது வாசற்படி போன்றது. தாண்டியபின் முழு வீடும் முன்னால் கிடக்கிறது. அலைவுகாட்டியின் இலத்திரனுக்கோ வீட்டின் ஆறில் ஒரு பங்கு அதுவே. மேலும், குறைந்த ஆழத்தில் உண்டான சோடிகள் மேற்பரப்புக்கு அருகிலேயே பிறக்கின்றன. ஆகவே அங்குள்ள குறைபாடுகளில் சிக்கி ஒளியின்றி முடிவதும் அவைதான் அதிகம். ஊசிமுனைகளிலிருந்து மின்புலத்தால் இலத்திரன்களைப் பிடுங்கித் தாழ்ந்த வோல்ற்றளவில் இயங்கும் தட்டைத் திரைகளைச் செய்ய 1990களில் பல நிறுவனங்கள் முயன்றபோது அவர்களை வாட்டிய இடர்களுள் இதுவும் ஒன்று. வோல்ற்றளவைக் குறைத்தால் அதே பிரகாசத்துக்கு ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். ஓட்டத்தைக் கூட்டினால் தோல் விரைவாக வளரும். வளரும் தோலோ தாழ்ந்த வோல்ற்றளவில்தான் அதிகம் உறுத்தும்.

உங்கள் குழாய்க்கு இன்னொரு துரதிர்ஷ்டமும் உண்டு. தொலைக்காட்சிக் குழாய்களில் ஒளிர்பொருளின் பின்புறத்தை மிக மெல்லிய அலுமினியப் படலத்தால் மூடியிருப்பார்கள். அது ஒளியைப் பார்ப்பவர் பக்கம் திருப்புகிறது, மின்னேற்றம் தேங்காமல் வடிக்கிறது, பாரமான அயன்களைத் தடுக்கிறது. ஆனால் அதைத் துளைத்துச் செல்வதற்கே இலத்திரன் கணிசமான சக்தியைச் செலவழிக்க வேண்டும். இரண்டாயிரம் வோல்ற்று இலத்திரனுக்கு அதன் பிறகு எதுவும் மிஞ்சாது. அதனால் மலிவான அலைவுகாட்டிக் குழாய்களில் அந்தப் படலம் இல்லை. தூள் வெறும் மேனியோடு நிற்கிறது.

அடுத்து, எவ்வளவு விரைவில் மங்கும் என்பது. இதற்கு 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபான்ல் என்பவர் தந்த விதி இன்றும் பயன்படுகிறது. தொடக்கப் பிரகாசத்தை, ஒன்றுடன் ஒரு மாறிலியையும் விழுந்த மின்னேற்றத்தையும் பெருக்கி வந்ததைக் கூட்டிய தொகையால் வகுத்தால் இப்போதைய பிரகாசம் கிடைக்கும். மின்னேற்றம் என்பது இங்கு ஒரு சதுர சென்ரிமீற்றரில் இதுவரை விழுந்த மொத்தக் கூலோம். விதியில் வருடமும் இல்லை, மணித்தியாலமும் இல்லை. விழுந்த இலத்திரன்களின் எண்ணிக்கையே அதன் நாட்காட்டி. மாறிலி பொருளுக்குப் பொருளும் குழாயின் வெற்றிடத்தின் தரத்தைப் பொறுத்தும் மாறும்.

கதிர்த்தொழிற்பாட்டின் அரைவாழ்வைப் படித்த மாணவர்களுக்கு இந்த விதியில் ஒரு நல்ல வேறுபாடு கிடைக்கிறது. அங்கே பாதியாகக் குறைய எடுத்த அதே காலத்தில் பாதியின் பாதியாகும். இங்கே அப்படியில்லை. பாதியாவதற்கு ஒரு பங்கு மின்னேற்றம் தேவைப்பட்டால், அங்கிருந்து காலாவதற்கு மேலும் இரண்டு பங்கு தேவை. காலிலிருந்து அரைக்காலாவதற்கு மேலும் நான்கு பங்கு. முதல் இறக்கம் செங்குத்து, பிறகு சாய்வு தளர்ந்துகொண்டே போகிறது. புதிய குழாய்தான் கூடுதல் கவனத்தை வேண்டுகிறது என்பது இதிலிருந்து வரும் முடிவு. நடைமுறையிலோ எல்லோரும் புதிய கருவியில்தான் வெளிச்சத்தை முழுதாகத் திருகி வைத்து அழகு பார்க்கிறார்கள்.

நாகசல்பைட்டு வகைகளில் பிரகாசம் பாதியாகத் தேவைப்படும் மின்னேற்றம், சதுர சென்ரிமீற்றருக்குப் பத்துக்கணக்கான கூலோம் என்ற அளவில் இருக்கும். கணக்குக்காக 50 என்று எடுத்துக்கொள்வோம். இது எவ்வளவு பெரிய தொகை என்றால், மேற்பரப்பில் உள்ள ஒவ்வோர் அணுவுக்கும் ஏறத்தாழ மூன்று இலட்சம் இலத்திரன்கள் வந்து விழுந்திருக்க வேண்டும். மூன்று இலட்சம் வாய்ப்புகளில் சிலவே கைகூடினாலும் ஒரு தோல் உருவாகிவிடும். 40 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட ஒரு தொலைக்காட்சித் திரையில் 0.6 மில்லியம்பியர் ஓட்டம் பரவி விழுந்தால், 50 கூலோம் சேரப் பத்துக் கோடி செக்கன், அதாவது ஏறத்தாழ 27,800 மணித்தியாலம் செல்லும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் பார்க்கும் வீட்டில் அது பத்தொன்பது வருடம். அலைவுகாட்டியில் ஓட்டம் வெறும் 1 மைக்குரோ அம்பியர் என்றே கொள்ளுங்கள். அது 10 சென்ரிமீற்றர் நீளமும் அரை மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரே கோட்டில் ஓடினால் ஏறத்தாழ 7,000 மணித்தியாலம். கோட்டை ஓடவிடாமல் புள்ளியாக நிறுத்தினால் 28 மணித்தியாலம். வெளிச்சத் திருகியை முழுதாகத் திருப்பி ஓட்டத்தை 50 மைக்குரோ அம்பியராக்கிப் புள்ளியை நிறுத்தினால் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஒரே கருவி, ஒரே தூள்; ஒருவர் கையில் பல வருடம், இன்னொருவர் கையில் ஒரு பாடவேளை.

உங்கள் திரையின் நடுக்கீற்று எப்படி வந்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். முன்பு அதைப் பாவித்தவர்கள் உள்ளீடு எதுவும் இல்லாதபோதும் கோட்டை நடுவில் ஓடவிட்டுக் காலை முதல் மாலை வரை போட்டபடியே வைத்திருந்திருப்பார்கள். சோதிக்கும் அலைவுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவம். சும்மா இருக்கும்போது வரும் கோடு மட்டும் எப்போதும் ஒரே இடம்.

இலத்திரன்களே நாட்காட்டி என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் வன்னியில் கண்ணால் கண்டேன். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பின் கொக்காவிலில் அதன் ஒளிபரப்பை வாங்கி மறுபடி பரப்பும் நிலையம் இருந்த காலத்தில் இங்கும் பலர் பெட்டி வாங்கினார்கள். 1990இல் போரில் அந்த நிலையம் அழிந்தது. வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரமும் இல்லாமல் போனது. புதிய கோபுரம் 2011இல்தான் எழுந்தது. அந்த வருடம் மாங்குளத்துக்குக் கிழக்கேயுள்ள ஒரு குடும்பத்தினர் 1988இல் வாங்கிய வர்ணத் தொலைக்காட்சி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இடம்பெயர்வுக்கு முன்பே வவுனியாவிலிருந்த உறவினரின் களஞ்சிய அறையில் துணி சுற்றி வைக்கப்பட்டு, இருபது வருடம் ஒரு முறையும் மின் ஏறாத பெட்டி அது. காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றி, வோல்ற்றளவை மெதுவாக ஏற்றிப் போட்டபோது, குழாய் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் ஒளிர்ந்தது. அதே மாதம் வவுனியா நகரத் தேநீர்க்கடையொன்றிலிருந்து வந்த பெட்டிக்கு வயது எட்டுத்தான். காலை ஐந்து மணிக்குப் போட்டால் கடை பூட்டும்வரை ஓடிய பெட்டி. படம் சாயம்போன சாரம்போல இருந்தது. வெறும் நீலத் திரையைக் காட்டினால் மேல் மூலையில் ஓர் அலைவரிசைச் சின்னத்தின் மங்கிய நிழல். வயதில் மூத்தது இளமையாகவும் இளையது முதுமையாகவும் இருந்ததை அன்று என் உதவியாளரான பையனுக்கு விளக்கத் தெரியாமல், "பாவனை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்.

மங்கல் எல்லாவற்றுக்கும் இந்தத் தோலே காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தூள் சூடேறும்போது ஒளிர்வுத் திறன் குறையும். அது ஆறியதும் மீளும், ஆகவே அது சேதமில்லை. அளவு மீறினால் உண்மையிலேயே வெந்தும் போகலாம்: வெற்றிடத்தில் வளி குளிர்விக்காது, தூளின் மணிகள் ஒன்றையொன்று புள்ளிகளில் மட்டுமே தொடுவதால் வெப்பமும் எளிதில் கடத்தப்படாது, கூர்மையாகக் குவித்த பிரகாசமான புள்ளியை நிறுத்திவிட்டால் சில நிமிடத்தில் பழுப்புத் தழும்பு விழுந்துவிடும். "எரிந்தது" என்ற சொல் பொருந்தும் இடம் அதுதான். திரைக் கண்ணாடியும் இலத்திரனாலும் எக்சுக் கதிராலும் பழுப்பேறும். அதைத் தடுக்கவே கண்ணாடிக் கலவையில் சீரியம் ஒட்சைட்டு சேர்த்தார்கள். அலுமினியப் படலம் வருவதற்கு முந்திய தொலைக்காட்சிகளில், காந்தப் புலத்தால் அதிகம் விலக்கப்படாத பாரமான அயன்கள் திரையின் நடுவிலேயே விழுந்து வட்ட வடுவை உண்டாக்கின. 1979இல்தான் தொலைக்காட்சியைக் கண்ட நம் நாட்டில் அந்த வடுவைப் பார்த்தவர்கள் அரிது.

இவற்றைவிட அதிகம் குழப்புவது, குழாயின் பின்முனையில் சூடேறி இலத்திரன்களை வெளிவிடும் கதோட்டு. பழுதுபார்க்க வந்த மங்கல் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் திரையில் இல்லை, கதோட்டில்தான் இருந்தது. கதோட்டின் மேலுள்ள பேரியம் ஒட்சைட்டுப் பூச்சு தீர்ந்துபோக, இலத்திரன்கள் போதாமல் போகின்றன. அப்போது படம் முழுவதும் ஒரே சீராக மங்கும். போட்டதும் தெளிய நெடுநேரமாகும். வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளைப் பகுதிகள் வெள்ளிபோல் மினுங்கிக் கலங்கும். சூடாக்கியின் வோல்ற்றளவைச் சிறிது நேரம் உயர்த்தி அப்பூச்சைத் தட்டியெழுப்பும் வித்தை ஒன்று உண்டு. "பிக்சர் ரியூப் பூஸ்ற் பண்ணித் தருகிறோம்" என்று சொல்லி, திரையிலேயே சின்னத்தின் வடு விழுந்த குழாய்க்கும் அதையே செய்து காசு வாங்கிய ஒரு கடையை எனக்குத் தெரியும். ஓட்டம் கூடியதால் சில கிழமைகள் படம் பளிச்சென்றிருந்தது. வடு முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் கருவியில் நீங்கள் செய்த சோதனையே இரண்டையும் பிரிக்கும் சரியான வழி: கோட்டை நகர்த்தும்போது மங்கல் கோட்டோடு கூட வந்தால் கதோட்டு, கண்ணாடியிலேயே தங்கிவிட்டால் ஒளிர்பொருள்.

மங்காத பொருள் இல்லையா என்றால், மெதுவாக மங்குபவை உண்டு. கந்தகம் இல்லாத ஒட்சைட்டுகளுக்கு ஒட்சிசனிடம் இழக்க அதிகமில்லை. அதனால் யூரோப்பியம் சேர்த்த இத்திரியம் ஒட்சைட்டு, அதே யூரோப்பியம் சேர்த்த ஒட்சிசல்பைட்டைவிட அதிகம் தாங்கும். இத்திரியம் அலுமினியம் ஒட்சைட்டுகளின் கார்னெற் (garnet) வகைப் பளிங்கில் தேர்பியம் சேர்த்த பச்சை ஒளிர்பொருள் மிகவும் கெட்டியானது. விமானியின் கண்ணுக்கு முன்னுள்ள கண்ணாடியில் விவரங்களைக் காட்டும் குழாய்களுக்கும் சுவரில் படம் எறியும் குழாய்களுக்கும், அதாவது சிறு பரப்பில் பெரும் ஓட்டம் விழும் இடங்களுக்கு, அதைத் தெரிந்தெடுத்தார்கள். மறுமுனையில் நிற்பவை புளோரைட்டுகள். மங்கனீசு சேர்த்த புளோரைட்டுகள் செம்மஞ்சள் ஒளியை நீண்டநேரம் தக்கவைப்பதால் ராடார் திரைகளுக்குப் பிடித்தமானவையாக இருந்தன. ஆனால் அவற்றில் இலத்திரன் எழுப்பும் கிளர்ச்சியே அணுக்களை இடம்பெயர்க்கப் போதுமாகிவிடுவதால் அவை மிக எளிதில் வடுப்படும். நாகசல்பைட்டையே பாவித்தாக வேண்டிய இடத்தில், ஒவ்வொரு மணியையும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தால் போர்த்தி விற்பதும் வழக்கம்.

கதோட்டுக்கதிர்க் குழாய்கள் மறைந்துவிட்டன, இனி இது எதற்கு என்று மாணவர்கள் கேட்டால், பழைய கசெற் டெக்குகளிலும் வீடியோ டெக்குகளிலும் நீலப்பச்சையாக ஒளிரும் எண்களைக் காட்டுங்கள். அவையும் வெற்றிடக் குழாய்களே. சில பத்து வோல்ற்றில் இலத்திரன் பட்டு ஒளிரும் நாகவொட்சைட்டு அதில் இருக்கிறது. வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்த துண்டங்கள் மங்கியும், எப்போதாவது எரிந்த துண்டங்கள் பளிச்சென்றும் இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் காணலாம். அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டிகளின் உணரிக்குள்ளும் சீரியம் சேர்த்த ஒளிர்பொருள் இருக்கிறது. அதுவும் காலப்போக்கில் மங்கி மாற்றப்பட வேண்டியதே.

உங்கள் கருவியைப் பற்றி: கோட்டை நடுவிலிருந்து ஒரு பிரிவு மேலே தூக்கி வைத்துப் பாவியுங்கள், அளவீடுகள் உச்சத்திலிருந்து உச்சம் வரை என்பதால் எதுவும் கெடாது. மாதத்துக்கொரு முறை அந்த இடத்தை மாற்றுங்கள். விளக்கம் சொல்லும் நேரத்தில் வெளிச்சத் திருகியைக் கோடு மறையும்வரை குறைத்துவிடுங்கள். கருவியை அணைக்கத் தேவையில்லை, அடிக்கடி அணைத்துப் போடுவது சூடாக்கிக்கு நல்லதுமில்லை. இரண்டு உள்ளீடுகளை ஒன்றுக்கொன்று எதிராக வரையும் நிலையில் உள்ளீட்டைக் கழற்றினால் கற்றை ஒரே புள்ளியில் குவிந்து நிற்கும். அந்த நிலையில் வெளிச்சத்தைக் குறைத்த பிறகே வயரில் கைவைக்கும்படி மாணவர்களைப் பழக்குங்கள்.

விரும்பினால் இதை ஒரு செயற்றிட்டமாகவும் ஆக்கலாம். திரையின் ஒரு மூலையில், இனி யாரும் பாவிக்காத இடத்தில், மங்கலான சிறு கோடொன்றை நிறுத்துங்கள். பழைய கணிப்பானின் சூரியக்கலத்தைக் கறுப்புத் தாள் குழலொன்றின் அடியில் வைத்து அந்த இடத்தில் ஒட்டி, பல்மானியை மைக்குரோ அம்பியர் வீச்சில் இணையுங்கள். கலத்தின் குறுஞ்சுற்று ஓட்டம் ஒளிக்கு விகிதசமம். வெளிச்சத் திருகியை அசைக்காமல், பாடசாலை நடக்கும் நேரங்களில் மட்டும் ஓடவிட்டு, ஓடிய மணித்தியாலங்களைக் குறித்து வாருங்கள். ஓட்டம் மாறாததால் மணித்தியாலமே மின்னேற்றத்துக்கு அளவுகோலாகும். கருவி சூடேறி அரை மணித்தியாலத்துக்குப் பிறகு எடுக்கும் வாசிப்பையே ஒவ்வொரு முறையும் எடுங்கள். பக்கத்தில் அதிகம் ஒளி படாத ஓரிடத்துக்குக் கோட்டைச் சில செக்கன்களுக்கு நகர்த்தி அங்கும் ஒரு வாசிப்பு எடுத்தால், கதோட்டு தளர்ந்ததால் வரும் வழுவைக் கழித்துவிடலாம். முதல் வாசிப்பை ஒவ்வொரு வாசிப்பாலும் வகுத்து, வரும் எண்ணை மணித்தியாலத்துக்கு எதிராக வரையுங்கள். ஃபான்லின் விதி செல்லுபடியாகுமானால் ஒன்றிலிருந்து மேலேறும் நேர்கோடு கிடைக்க வேண்டும். அதன் சாய்வுதான் உங்கள் குழாயின் மாறிலிக்கு விகிதசமமானது. உறையைக் கழற்ற இதில் எந்தத் தேவையும் இல்லை. அணைத்த பின்னும் உள்ளே உயர்வோல்ற்றளவு தங்கியிருக்கும் என்பதால் கழற்றவும் விடாதீர்கள்.